லாவெண்டர் ஊர்ல ஆறு நாள் சைக்கிள் பேக்கேஜ்: சைக்கிளுக்கு முழு மார்க், ரூட்டுக்கு பாதிதான்

போன ஜூலை ரெண்டாவது வாரம் நானும் மச்சானும் பிரான்ஸ்ல ப்ரொவான்ஸ் பக்கம் ஒரு சைக்கிள் பேக்கேஜ் எடுத்தோம். கைடு கிடையாது. அவங்க சைக்கிள் தருவாங்க, ஆறு நாளுக்கும் ஜி.பி.எஸ். ரூட்டு ஃபைல் தருவாங்க, நம்ம பையை வேன்ல ஏத்தி அடுத்த ஊரு ஹோட்டல்ல இறக்கி வெச்சிருவாங்க, நாம மிதிச்சா போதும். தலைக்கு 800 யூரோ சொச்சம். கம்பெனி பேரு இங்க வேணாம், அந்த ஏரியாவுல இதே மாதிரி பேக்கேஜ் நிறைய பேர் விக்கிறாங்க, கீழ சொல்றது எதை எடுத்தாலும் உதவும்.

முதல்ல நல்லதை சொல்லிடுறேன். சைக்கிள் அருமை. அலுமினியம் ஃபிரேம், 32 மில்லிமீட்டர் டயர், முன்னாடி சின்னப் பல்சக்கரத்துக்கு 34 பல்லு, பின்னாடி பெருசுக்கும் 34, அதாவது எந்த ஏத்தமா இருந்தாலும் உக்காந்தபடியே மெதுவா உருட்டிக்கிட்டு போயிரலாம். மனோஸ்க் ஊர்ல சைக்கிளைக் கொடுத்த பையன் சேடில் உயரத்தை மூணு தடவை மாத்தி, என்னை ஓட்டச் சொல்லி முட்டி மடங்குறதைப் பாத்துட்டுதான் விட்டான். பை ஒரு நாள் கூட லேட் ஆகல. இதுல எல்லாம் குறையே சொல்ல முடியாது.

ரூட்டு விஷயம்தான் வேற கதை.

"ஆளரவமில்லாத கிராமத்து ரோடு"ன்னுதான் விளம்பரத்துல போட்டிருந்தாங்க. முதல் நாள் ரூட்டு மனோஸ்க்ல கிளம்பி துரான்ஸ் ஆத்தைத் தாண்டி, லாவெண்டர் வயலுக்குப் பேர் போன வாலன்சோல் மேட்டுக்கு (பீடபூமி) ஏறி ரியேஸ் போய்ச் சேரணும், 35 கி.மீ. இருக்கும், தூரம் ஒண்ணும் இல்ல. ஆனா ஃபைல் எங்களை முழுக்க முழுக்க டி 6ங்கிற ரோட்டுலயே கொண்டு போச்சு. ஜூலை மாசம் பகல் பதினோரு மணிக்கு டி 6ல போறதுன்னா என்னன்னு தெரியணும்னா, திருவிழா அன்னைக்கு தேர் வீதியில சைக்கிள் ஓட்டிப் பாருங்க. டூரிஸ்ட் பஸ், கேரவன், வாடகைக் கார், லாவெண்டரைப் பாத்ததும் இண்டிகேட்டர் கூட போடாம ரோட்டோரம் சொருகுற ஆளுங்க, கார் கதவைத் திறந்துக்கிட்டு வெள்ளை கவுன் போட்டு வயலுக்குள்ள ஓடுற பொண்ணுங்க, அவங்களுக்குப் பின்னாடி கேமராவோட ஓடுற புருஷனுங்க. ஊருக்கு வெளிய சைக்கிளை முந்தும்போது ஒண்ணரை மீட்டர் இடம் விடணும்னு பிரான்ஸ்ல சட்டமே இருக்கு, உள்ளூர்க்காரங்க ஒழுங்கா விடுறாங்க, வயலைப் பாத்துக்கிட்டே ஓட்டுற டூரிஸ்ட்டுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது. காசு கொடுத்து சூனியம் வெச்சுக்கிட்ட கதைதான்னு மச்சான் வழி முழுக்கப் புலம்பிக்கிட்டே வந்தான்.

இதுல இன்னொண்ணு. வழியில ஒரு இடத்துல "கிராவியோன்"னு ஒரு போர்டு. என்னன்னு புரியாம அப்படியே இறக்கத்துல விட்டேன். தார் ஊத்தி மேல ஜல்லி தூவி வெச்சிருக்காங்க, இன்னும் அழுந்தல. முன் சக்கரம் பாம்பு மாதிரி நெளியுது, பிரேக்கைத் தொட்டா விழுந்துருவேன், தொடலைன்னா முன்னாடி போற கேரவன் மேல ஏறிருவேன். எப்படியோ பிழைச்சேன். அந்த வார்த்தையை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கங்க. வெயில் காலத்துலதான் அங்க இந்த வேலையைச் செய்றாங்க, அந்த போர்டைப் பாத்தா வேகத்தைக் குறைச்சுட்டு ஹேண்டில்பாரைத் திருப்பாம நேரா போங்க.

மத்தியானம் கம்பெனி ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு வேற ரூட்டு கேக்கலாம்னு பாத்தா, 12ல இருந்து 2 மணி வரை சாப்பாட்டு நேரம், ரெக்கார்டு பண்ணின குரல்தான் பேசுது. அந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான், பேக்கரி, மளிகைக் கடை எல்லாமே மத்தியானம் மூடிருவாங்க, அதுவும் பேக்கரிக்கு வாரத்துல ஒரு நாள் முழு லீவு வேற. அதனால ரொட்டி, பழம் எதுவா இருந்தாலும் காலையிலயே வாங்கி முதுகுப் பாக்கெட்டுல வெச்சுக்கணும். ஆனா ஹெல்ப்லைன்னு பேரை வெச்சுட்டு உச்சி வெயில்ல பூட்டிட்டுப் போனா என்ன அர்த்தம்?

ராத்திரி ரியேஸ் ஹோட்டல்ல மச்சான் பையில இருந்து ஒரு மிஷ்லின் பேப்பர் மேப்பை எடுத்து மேசை மேல விரிச்சான். ஒரு சென்டிமீட்டருக்கு ரெண்டு கி.மீ. கணக்கு. பெட்ரோல் பங்க்ல வாங்கினப்ப நான் கிண்டல் பண்ணினேன், அதை இப்ப வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த மேப்ல பெரிய ரோடு சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், சின்ன ரோடெல்லாம் வெள்ளை. அழகான ரோட்டுக்கு ஓரத்துல பச்சைக் கோடு. ஏத்தம் இருக்கிற இடத்துல சின்னதா அம்புக்குறி, ஒண்ணுன்னா 5ல இருந்து 9 சதவீதம், ரெண்டுன்னா 9ல இருந்து 13, மூணு இருந்தா அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க. அவன் ஒரு பென்சிலை எடுத்து, வெள்ளைக் கோடா பாத்துப் பாத்து எங்க ரூட்டை மறுபடி வரைஞ்சான். கம்பெனி ஃபைலை எப்படிப் போட்டாங்கன்னு அப்பதான் விளங்குச்சு. ஹோட்டலுக்கு ஹோட்டல் குறுக்கால கோடு இழுத்து வெச்சிருக்காங்க, அவ்ளோதான்.

அடுத்த நாள் அந்தப் பென்சில் ரூட்டுல புய்முவாசோன் வழியா சேன் ஜூர்ஸ்ங்கிற ஊருக்கு ஏறினோம். மேட்டோட வடகிழக்கு ஓரத்துல, மலை அடிவாரத்துல ஒரு குட்டி ஊரு. மேல நின்னு திரும்பிப் பாத்தா நாம வந்த மேடு மொத்தமும் கீழ பாய் விரிச்ச மாதிரி கிடக்கு, ஊதா ஒரு பட்டை, கோதுமை ஒரு பட்டை, மறுபடி ஊதா. ரோட்டுல எங்களைத் தவிர ஒரு டிராக்டர், அவ்ளோதான். முந்தின நாள் பாத்த கூட்டம் எல்லாம் இதே மேட்டுலதான் இருக்கு, கொஞ்ச தூரம் தள்ளி, எல்லாரும் அதே நாலு வயல்ல நின்னு போட்டோ எடுக்குறாங்க. மூஸ்தியே ஊருக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்தோம், ரெண்டு பாறைக்கு நடுவுல சங்கிலி கட்டி ஒரு நட்சத்திரம் தொங்க விட்டிருக்காங்க, பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஊருக்குள்ள சைக்கிளை உருட்டக் கூட இடமில்ல.

மூணாவது நாள்தான் எனக்குப் பெரிய பாடம். அன்னைக்கு ஃபோர்கால்கியே போகணும், அதுக்கு ரியேஸ்ல இருந்து மறுபடி அதே டி 6ல வாலன்சோல் வரைக்கும் வந்தே ஆகணும். ஹோட்டல்ல டிஃபன் எட்டு மணிக்குத்தான், கம்பெனி பேப்பர்ல "9.30க்குக் கிளம்பவும்"னு போட்டிருக்கு. நாங்க முந்தின ராத்திரியே ஹோட்டல் அம்மாகிட்ட கெஞ்சி ரொட்டி, சீஸ், ஆப்ரிகாட் எல்லாம் கட்டி வாங்கிக்கிட்டு ஆறு மணிக்கு வெளிய வந்துட்டோம். ஊரை ஒட்டின வயல்ல நிக்கிற நாலு ரோமன் தூண் மேல அப்பதான் வெளிச்சம் விழுது. வாலன்சோல் வரை 15 கி.மீ., எண்ணிப் பாத்தேன், மூணே மூணு கார். அதே ரோடு! டயர் ஓடுற சத்தம் கேக்குது, வானம்பாடி கத்துறது கேக்குது, மச்சான் மூச்சு வாங்குறது கேக்குது. ஏழு மணிக்கு அந்தப் பிரபலமான வயலுங்கள்ல யாருமே இல்ல, நாங்க ரெண்டு பேரும் ரோட்டோரம் உக்காந்து ஆப்ரிகாட் தின்னோம். பேக்கேஜ்காரங்க அந்தப் பேப்பர்ல ஒரே ஒரு வரி, "ஆறு மணிக்குக் கிளம்புங்க"ன்னு போட்டிருந்தா முதல் நாளே தப்பிச்சிருப்போம்.

கிட்ட போய் உக்காந்தப்பதான் ஒண்ணு கவனிச்சேன். அந்த ஊதா வரிசையில தேனீ சத்தம் இருக்கே, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நின்னா வருமே ஒரு ரீங்காரம், அப்படியே அது. தூரத்துல இருந்து பாத்தா வயல் சும்மா கிடக்கிற மாதிரி இருக்கு, குனிஞ்சு பாத்தா ஒவ்வொரு கதிர்லயும் ஒண்ணு தொங்குது. அதுங்க வேலையில இருக்கும்போது நம்மளைச் சீண்டுறதே இல்ல. ஆனா இறக்கத்துல வேகமா வரும்போது வாயை மூடிக்கங்க, ஹெல்மெட் ஓட்டையில ஒண்ணு மாட்டிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், வாலன்சோல்ல நாம பாக்குறது பெரும்பாலும் அசல் லாவெண்டர் கிடையாது. லாவண்டின்னு சொல்றாங்க, ரெண்டு ஜாதி கலந்த கலப்பினச் செடி, அதுக்கு விதையே வராது, குச்சி வெட்டி நட்டுத்தான் வளக்கணும். எண்ணெய் நிறைய வரும், சோப்புக்கும் துணி சோப்புக்கும் அதான் போகுது. கதிரைப் பிச்சுக் கசக்கி மோந்து பாருங்க, லேசா கற்பூர வாசம் அடிக்கும். அசல் லாவெண்டர் 800 மீட்டருக்கு மேல மலைப் பக்கம்தான், ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பூங்கதிர், கற்பூர நெடி இருக்காது, மென்மையா இருக்கும். கலப்பினச் செடியில ஒரு தண்டுல பக்கவாட்டுலயும் கதிர் கிளைச்சிருக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்டப்புறம் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்டைப் பாக்குறதே எங்களுக்கு வேலையாப் போச்சு. விவசாயி வெச்ச பயிரு, பிடுங்கக் கூடாது, வரிசைக்குள்ள மிதிக்கவும் கூடாது, ரோட்டோரம் சாஞ்சிருக்கிற ஒரு கதிரைத் தொட்டுப் பாத்தாலே போதும்.

ஃபோர்கால்கியேவுல திங்கக்கிழமை சந்தை. நாங்க போய்ச் சேரும்போது கடையைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க, ஒரு கிலோ பீச் பழம் பாதி விலைக்குக் கிடைச்சது, அதுக்கு மேல அந்த ஊரைப் பத்திச் சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல, தூங்கிட்டேன். மறுநாள் பனோன் வழியா சிமியான். பனோன்ல செஸ்ட்நட் இலையில சுத்தி நார்ல கட்டின ஆட்டுப்பால் சீஸ் கிடைக்கும், பிரிச்சா உள்ள கொழகொழன்னு இருக்கும், வெயில்ல முதுகுப் பாக்கெட்டுல மட்டும் வெச்சுடாதீங்க. ஜெர்சியை ரெண்டு தடவை துவைச்சும் வாசம் போகல.

ஆறு நாள்ல எது பெஸ்ட்டுன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு அஞ்சாவது நாள்னு சொல்வேன். சிமியான்ல இருந்து ரெவே-து-பியோன், சேன் கிறிஸ்தோல் வழியா சோ. ஊர் பேரே சோதான், எழுதும்போது ரெண்டு மூணு எழுத்து கூடுதலா போடுவாங்க, அது வாயில வராது. இந்த வழி முழுக்க ஆல்பியோன் மேடு, எண்ணூறு தொள்ளாயிரம் மீட்டர் உயரம், காத்து குளுகுளுன்னு இருக்கு, ரோடு பெருசா ஏறாம இறங்காம நீளமா போகுது, ரெண்டு பக்கமும் லாவெண்டர், ஒரு வகைப் பழைய சிறு கோதுமை, நடுவுல ஓக் காடு. இவ்ளோ அமைதியான இடத்துலதான் 1971ல இருந்து 1996 வரைக்கும் பிரான்ஸ் 18 அணு ஏவுகணையை மண்ணுக்குள்ள புதைச்சு வெச்சிருந்துச்சாம். இப்ப எல்லாத்தையும் எடுத்தாச்சு. அதோட ஒரு கட்டுப்பாட்டு அறை ருஸ்த்ரெல் பக்கம் மலைக்குள்ள இருக்கு, அதை இப்ப ஆய்வுக்கூடமா மாத்திட்டாங்க, எதுக்குன்னா அதிர்வும் இரைச்சலும் அவ்ளோ குறைவான இடம் கிடைக்கிறது கஷ்டமாம். அமைதிக்கு இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேணும்?

அந்த அமைதியிலதான் என் பின் டயர் "புஸ்"னு போச்சு. சின்னக் கூரான சக்கிமுக்கிக் கல்லு. பஞ்சர் ஆகுறது சகஜம், கம்பெனி கொடுத்த கிட் பை இருக்கேன்னு தைரியமாத் திறந்தேன். டயர் கழட்டுற லிவர் இருக்கு, பம்ப் இருக்கு, புது டியூப் இருக்கு. டயரைக் கழட்டி, உள்ள விரலை விட்டுக் கல்லை எடுத்து, டியூபைப் போட்டா, வால்வு வெளிய வரல. ரிம் ஆழமான ரிம், டியூப்போட வால்வு குட்டை. நுனி மட்டும் எட்டிப் பாக்குது, பம்ப் கவ்வ மாட்டேங்குது. "என்னடா இது, சட்டை பட்டனை வேட்டியில கோத்த மாதிரி"ன்னு மச்சான் சிரிக்கிறான். அவன் சைக்கிள் கிட்லயும் அதே குட்டை வால்வு. ஹெல்ப்லைன்? மணி 12.20.

முக்கால் மணி நேரம் ஒரு ஓக் மரத்தடியில உக்காந்திருந்தோம். வண்டியே வரல, அமைதி கேட்டோம்ல, கிடைச்சது. அப்புறம் ஒரு பெரியவர் வந்தார், எழுபது வயசுக்கு மேல இருக்கும், பழைய ஸ்டீல் சைக்கிள், காலு ரெண்டும் கயிறு முறுக்கின மாதிரி. நான் லியோன்ல வேலை பாக்குறேன், ஓட்டைப் பிரெஞ்சு வரும், விஷயத்தைச் சொன்னேன். வால்வை விரலால தொட்டுப் பாத்து, "இதை உங்களுக்குக் கொடுத்தவங்க சைக்கிள் ஓட்டுறதில்லை போல"ன்னார். தன்னோட பையில இருந்து ஒரு நீட்டு வால்வு டியூபை எடுத்துக் கொடுத்தார். காசு நீட்டினேன், கையைத் தட்டி விட்டுட்டு, "அந்தக் குட்டை வால்வைக் கொடுங்க, என் ரிம்முக்கு அது போதும், இது பேத்தி சைக்கிளுக்கு வாங்கினது"ன்னார். மாத்திக்கிட்டோம். காத்தடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டு, "போன் கூராஜ்"னு (தைரியமா போங்கன்னு வாழ்த்து) ஒரு சத்தம் கொடுத்துட்டு, நாங்க ஏறி உக்காருறதுக்குள்ள கண்ணுல இருந்து மறைஞ்சே போயிட்டார்.

சோ ஊர் ஒரு திட்டு மேல உக்காந்திருக்கு, கீழ பள்ளத்தாக்கு முழுக்க லாவெண்டர். இங்க எல்லாமே லேட். வாலன்சோல்ல ஜூன் கடைசியில இருந்து ஜூலை நடு வரைக்கும்தான் நல்லா இருக்கும், அப்புறம் மெஷின் வந்து அறுத்துட்டுப் போயிரும், சோ பக்கம் ஜூலை கடைசி வரைக்கும் நிக்கும், லாவெண்டர் திருவிழாவே ஆகஸ்ட் 15தான். எங்க பேக்கேஜை "ஜூலை முழுக்க எப்ப வந்தாலும் பூ"ன்னு விக்கிறாங்க, அது பாதி உண்மை. ரெண்டு பக்கமும் பாக்கணும்னா எங்களை மாதிரி ஜூலை ரெண்டாவது வாரம். கூட்டமே ஆகாதுன்னா வாலன்சோலை விட்டுட்டு ஜூலை 20 வாக்குல நேரா சோ போங்க, ஓரெல், ஃபெராசியேர் பக்கம் சுத்துங்க. பூ முடிஞ்சு போனாலும் பரவால்ல, எண்ணெய் காய்ச்சுற கொட்டகைப் பக்கம் போனா நெல்லு அவிக்கிற மாதிரி ஆவி அடிக்கும், அதுல லாவெண்டர் கலந்து வர்ற வாசம் ஒரு கி.மீ. தூரத்துக்கு நம்ம கூடவே வரும்.

சோல இருந்து வாந்தூ மலைக்கு ஏறலாம், 1,900 மீட்டருக்கு மேல உயரம், இந்தப் பக்கத்து ரோடு 26 கி.மீ., உச்சிக்குப் போற மூணு ரோட்டுல இதான் லேசு. ஷாலே ரெனார்ங்கிற வழிக் கடை வரைக்கும் 20 கி.மீ. காட்டுக்குள்ள சுகமா போச்சு. அதுக்கு மேல வெறும் வெள்ளைப் பாறை, மிஸ்ட்ரால்ங்கிற பலமான வடக்குக் காத்து சைக்கிளோட சேத்து ஆளைத் தள்ளுது. 1967 ஜூலை 13 அன்னைக்கு பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் டாம் சிம்ப்சன் டூர் டி பிரான்ஸ் போட்டியில விழுந்து இறந்தது இந்த உச்சிக்குக் கொஞ்சம் கீழதான். நாங்க ஷாலேல ஒரு காபி குடிச்சுட்டுத் திரும்பிட்டோம். வெக்கம் எல்லாம் ஒண்ணும் இல்ல.

கடைசி நாள் நெஸ்க் பள்ளத்தாக்கு. டி 942, மோனியூ தாண்டி லேசா ஏறினா எதிர்ல 872 மீட்டர் உயரத்துக்கு ரோஷே து சீர் பாறை, அப்புறம் அங்க இருந்து வில்-சூர்-ஓசோன் வரைக்கும் கிட்டத்தட்ட 20 கி.மீ. இறக்கம். பயமுறுத்துற இறக்கம் இல்ல, பிரேக்கையே மறந்துடலாம், மலையைக் குடைஞ்ச குட்டிக் குட்டி சுரங்கம் வரும், உள்ள போனதும் சில்லுன்னு ஆகும், வெளிய வந்ததும் வெயில் முகத்துல அடிக்கும். கம்பெனி ஃபைல்ல மாத்தவே தேவையில்லாத ஒரே நாள் இதுதான். நடுவுல கடை கண்ணி எதுவும் கிடையாது, சோலயே பாட்டிலை ரொப்பிக்கங்க. ஊர்க் குழாயில "நோன் போதாப்ல்"னு எழுதியிருந்தா குடிக்கக் கூடாது. கார்பாந்த்ரா ஸ்டேஷன் பக்கத்துல சைக்கிளை ஒப்படைச்சுட்டு அவிஞோனுக்கு ரயில் ஏறிட்டோம்.

சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இந்த பேக்கேஜ் சரிப்படாது, அவங்க தெற்கால லூபெரோன் பக்கம் கலாவோன் சைக்கிள் பாதை போங்க, பழைய ரயில் தடம், கார் தொந்தரவே இல்ல, வழியில ரோமன் காலத்துப் பாலம் ஒண்ணு இருக்கு, 2005 வரைக்கும் அதுல கார் ஓடியிருக்கு. பன்னெண்டு வயசுக்குக் கீழ இருந்தா ஹெல்மெட் கட்டாயம்.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். ஒரு ஸ்டார் ரூட்டுக்குக் குறைச்சேன், அரை ஸ்டார் ஹெல்ப்லைனுக்கு. டியூப் விஷயத்துக்குக் குறைக்க வேணாம்னுதான் முதல்ல நினைச்சேன், யாரோ கை தவறி வெச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன். நேத்து டெபாசிட் திரும்பி வந்துச்சு, 8 யூரோ குறையுது. என்னன்னு பாத்தா, "கிட்டில் ஒரு டியூப் இல்லை"ன்னு பில்லு போட்டிருக்காங்க. மெயில் போட்டிருக்கேன், மணி 12ல இருந்து 2க்குள்ள போட்டுட்டேன் போல, இன்னும் பதில் வரல.